நொடித்துப்போனதை ஆங்கிலத்தில் எழுதும்போது: எந்த இடத்துக்கு எந்தச் சொல்

'வட்டிக்கு வட்டி ஏறி அந்தக் குடும்பம் நொடித்துப்போனது.' இந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அகராதி ஒரு கூடைச் சொற்களைக் கொட்டும்: இம்பாவரிஷ், பாங்க்ரப்ட், ரூயின், பாப்பரைஸ், பெகர், டெஸ்டிட்யூட், ப்ரோக். பாதிக்கு எதிரே 'ஏழையாக்கு' என்றும் மீதிக்கு எதிரே 'வறிய' என்றும் போட்டிருக்கும். அதை நம்பிக் கைக்கு வந்ததை எடுத்து வைத்தால் குடும்பம் நீதிமன்றப் படியேறித் திவாலானதாகிவிடும், இல்லையென்றால் அநாதை இல்லத்துக்குப் போனதாகிவிடும், அதுவும் இல்லையென்றால் மாதக் கடைசியில் கைச்செலவுக்குத் திண்டாடியதாகிவிடும்.

ஏழ்மையின் அளவை வைத்து இந்தச் சொற்களைப் பிரிக்க முயல்வதால்தான் குழப்பம் வருகிறது. ஆங்கிலம் இவற்றை ஏழ்மை வந்த வழியை வைத்தும், சொல்கிறவர் நிற்கும் இடத்தை வைத்தும் பிரித்து வைத்திருக்கிறது.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

செய்தது யார்? 'கடன் அவர்களை நொடிக்க வைத்தது' என்பது ஒரு வாக்கியம், 'அவர்கள் நொடித்துப்போனார்கள்' என்பது வேறு. இம்பாவரிஷ், ரூயின், பாப்பரைஸ், பெகர் ஆகியவை செயப்படுபொருள் கேட்கும் வினைகள். யாரை என்று சொல்லாமல் அவை நிற்காது. 'த ஃபேமிலி இம்பாவரிஷ்ட்' என்று முடித்தால் தவறு. 'பிகேம் இம்பாவரிஷ்ட்' அல்லது 'வாஸ் இம்பாவரிஷ்ட் பை' என்று வர வேண்டும். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இந்தப் பிழையைத்தான் அதிகம் பார்க்கலாம். 'நொடித்தது', 'கெட்டது' என்று நம் வினை தானாக நடப்பதால் அதே பழக்கம் அங்கேயும் போய்விடுகிறது.

சட்டம் உள்ளே வருகிறதா? சில சொற்களுக்குப் பின்னால் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. அந்த உத்தரவு இல்லாமல் அந்தச் சொல்லை எழுதினால் வெறும் மொழிப் பிழையோடு போகாது.

மெதுவாகவா, ஒரே அடியிலா? பல ஆண்டு தேய்வுக்கு ஒரு சொல், ஒரே இரவில் விழுந்த இடிக்கு இன்னொரு சொல்.

யார் காதில் விழும்? நண்பனிடம் சொல்வது, அறிக்கையில் எழுதுவது, அந்தக் குடும்பமே படிக்கப்போவது என மூன்றுக்கும் தொனி வேறு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

| சொல் | சட்டத் தொடர்பு | வேகம் | தொனி | நெருங்கிய தமிழ் |
|---|---|---|---|---|
| பாங்க்ரப்ட் | நேரடியாக உண்டு | ஒரு தேதியில் நடப்பது | நடுநிலை, ஆனால் கறை ஒட்டும் | திவால் |
| இன்சால்வென்ட் | உண்டு | ஒரு நிலை | கணக்கர் மொழி | கடனடைக்க வக்கற்ற நிலை |
| இம்பாவரிஷ் | இல்லை | மெதுவாக | அறிக்கை, கட்டுரை | வறுமைக்குத் தள்ளு |
| ரூயின் | இல்லை | ஒரே அடி | உணர்ச்சி மிக்கது | குடி முழுகியது |
| பாப்பரைஸ் | பழைய சட்ட வாடை | மெதுவாக | வரலாறு | ஆண்டியாக்கு |
| டெஸ்டிட்யூட் | சில நாடுகளில் உண்டு | வேகம் பேசாது | கடுமை | கதியற்ற |
| ப்ரோக் | இல்லை | தற்காலிகம் | பேச்சு வழக்கு | கையில் காலணா இல்லை |

## பாங்க்ரப்ட், இன்சால்வென்ட்

அதிகம் தவறாகப் பயன்படுவது இந்த ஜோடிதான். இன்சால்வென்ட் என்பது நிலை: கடனை அடைக்க முடியவில்லை. பாங்க்ரப்ட் என்பது அறிவிப்பு: அடைக்க முடியவில்லை என்று சட்டப்படி முடிவாகிவிட்டது. முதல் நிலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் இரண்டாவதை எட்டாதவர்கள் ஏராளம்.

இன்சால்வென்ட் ஆகிவிட்டதா என்று பார்க்கக் கணக்கர்களிடம் இரண்டு சோதனைகள் உண்டு. கெடு வந்த பாக்கியை அந்தந்த நேரத்தில் கட்ட முடிகிறதா என்பது பணவோட்டச் சோதனை. மொத்தக் கடன் மொத்தச் சொத்தை மிஞ்சிவிட்டதா என்பது ஐந்தொகைச் சோதனை. பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு இன்சால்வென்சி சட்டத்தின் 123-ஆவது பிரிவு இரண்டையும் சொல்கிறது. நிறைய நிலம் வைத்துக்கொண்டு, கையில் ரொக்கமில்லாமல் தவணை தவறுகிறவர் முதல் சோதனையில் தோற்று இரண்டாவதில் தேறுவார். அவரை பாங்க்ரப்ட் என்று எழுதுவது அப்பட்டமான தவறு.

நாட்டுக்கு நாடு சொல்லின் எல்லையும் மாறும். இங்கிலாந்தில் பாங்க்ரப்ட் ஆவது தனிநபர் மட்டுமே. நிறுவனம் என்றால் லிக்விடேஷனுக்கோ (சொத்தை விற்றுக் கலைப்பது) அட்மினிஸ்ட்ரேஷனுக்கோ (மீட்க முயலும் நிர்வாகியிடம் ஒப்படைப்பது) போகும். ஸ்காட்லாந்து சட்டத்தில் தனிநபர் திவாலுக்கே சீக்வெஸ்ட்ரேஷன் என்று பெயர். அமெரிக்காவில் ஆளுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே சொல்தான். ஆனால் அங்கே திவால் சட்டத்தின் சாப்டர் 11 என்றால் நிறுவனம் இயங்கிக்கொண்டே கடனைச் சீரமைக்கிறது என்று பொருள், சாப்டர் 7 என்றால்தான் கலைத்து விற்பது. ஆகவே 'ஃபைல்டு ஃபார் பாங்க்ரப்சி' என்ற அமெரிக்கச் செய்தியை 'மூடப்பட்டது' என்று தமிழில் எழுதிவிடக் கூடாது. சாப்டர் 11 என்றால் விமானம் மறுநாளும் பறக்கும், கடை மறுநாளும் திறக்கும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இரண்டு சொற்களும் உண்டு: இன்சால்வென்சி அண்ட் பாங்க்ரப்சி கோட். அதில் நிறுவனங்களுக்கு இன்சால்வென்சித் தீர்வு நடைமுறை, அது பலிக்காவிட்டால் லிக்விடேஷன். பாங்க்ரப்சி என்பது தனிநபருக்கும் கூட்டாண்மைக்குமான பகுதியில் வருகிறது. அதனால் இந்திய நிறுவனம் ஒன்றை 'டிக்ளேர்டு பாங்க்ரப்ட்' என்று எழுதும் செய்தியைச் சட்டம் தெரிந்தவர் படித்தால் முகம் சுளிப்பார். 1909, 1920 ஆண்டுகளின் பழைய சட்டங்கள் தனிநபரையும் இன்சால்வென்ட் என்றே அழைத்தன. 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்ற நம் பேச்சில் இருப்பது அந்த இன்சால்வென்சி பெட்டிஷன்தான், மஞ்சள் கடுதாசியும் அதே குடும்பம். 'ஐ.பி. கொடுத்தான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் மனு போட்டார் என்றுதான் எழுத வேண்டும். மனு ஏற்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். நீதிமன்றம் அறிவிக்காத ஒருவரைப் பெயர் சொல்லி பாங்க்ரப்ட் என்று அச்சிட்டால் அவதூறு வழக்கு வரலாம். தொழில் செய்கிறவருக்கு அந்த ஒரு சொல் கடன் வாங்கும் வாயிலையே அடைத்துவிடும். உறுதிசெய்ய ஆவணம் இல்லையென்றால் 'ஹெவிலி இன் டெட்', 'அனேபிள் டு பே இட்ஸ் டெட்ஸ்' என்று நடந்ததை மட்டும் எழுதிவிடுவது உத்தமம்.

இலக்கணம்: 'வென்ட் பாங்க்ரப்ட்' சரி, 'த லோன் பாங்க்ரப்டட் தெம்' சரி. 'தே பாங்க்ரப்டட்' என்று தனியே விட்டால் சரியில்லை. எழுத்துப் பிழை ஒன்று ஓயாமல் வரும்: பாங்க்ரப்ட் என்பதன் கடைசி 'டி' எழுத்து, பாங்க்ரப்சி என்று உச்சரிக்கும்போது காதில் விழாவிட்டாலும் எழுத்தில் 'பி'க்கும் 'சி'க்கும் நடுவே நிற்க வேண்டும்.

எப்போது இதுவே சிறந்தது? வழக்கு, மனு, உத்தரவு என ஏதாவது காகிதம் கையில் இருக்கும்போது. உருவகமாக 'மாரலி பாங்க்ரப்ட்' என்று கொள்கையற்றவர்களைச் சாடும்போதும் தாராளமாக எழுதலாம், அதற்குக் காகிதம் தேவையில்லை.

## இம்பாவரிஷ்

பாவர்ட்டி, புவர் ஆகியவற்றின் உறவுக்காரச் சொல். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மெல்லத் தேய்வதையும், தேய்த்த காரணத்தையும் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல சொல் இல்லை. போர், வறட்சி, வரி, மருத்துவச் செலவு என எதை வேண்டுமானாலும் எழுவாயாக வைக்கலாம். நம் வரிக்கும் பொதுவாக இதுதான் பொருந்தும்: 'இயர்ஸ் ஆஃப் காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட் இம்பாவரிஷ்ட் த ஃபேமிலி.' வட்டி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, குடும்பம் நிற்கவில்லை.

'வாஸ் இம்பாவரிஷ்ட்' என்ற வடிவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏழையாக இருந்தது என்றும் படிக்கலாம், ஏழையாக்கப்பட்டது என்றும் படிக்கலாம். நிகழ்வைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'பை' போட்டுக் காரணத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது 'பிகேம்' என்று மாற்ற வேண்டும்.

தொண்டு நிறுவன அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மருத்துவச் செலவைப் பற்றிய ஆய்வுகளில் 'இம்பாவரிஷிங்' என்பது கலைச்சொல். கைக்காசு போட்டுச் செய்த மருத்துவச் செலவால் குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே போனாலோ, ஏற்கெனவே கீழே இருந்தது இன்னும் கீழே போனாலோ மட்டுமே அந்தப் பெயர். 'கேட்டஸ்ட்ரோஃபிக்' செலவு என்பது வேறு: குடும்பத்தின் வரவிலோ செலவிலோ குறிப்பிட்ட பங்கை மருத்துவம் தின்றுவிட்டது என்று பொருள். வசதியான குடும்பம் பெரிய அறுவை சிகிச்சைக்குச் செலவழித்தால் இரண்டாவது பொருந்தும், முதலாவது பொருந்தாது. விளிம்பில் இருக்கும் குடும்பத்துக்குச் சின்ன மருந்துச் செலவே முதலாவதாகிவிடலாம், இரண்டாவதன் வரம்பைத் தொடாமலேகூட. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் அட்டவணையே அபத்தமாகிவிடும்.

அதேபோல் 'புஷ்ட் பிலோ த பாவர்ட்டி லைன்' என்று எழுதினால் எந்தக் கோடு என்று சொல்லியாக வேண்டும். கடும் வறுமைக்கான உலக வங்கியின் கோடு 2025 ஜூனில் நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாறியது, அடிப்படை ஆண்டும் 2017-இலிருந்து 2021-க்கு நகர்ந்தது. இவை வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த டாலர்கள், அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிப் போடக் கூடாது.

இதன் குறை, சொல் கொஞ்சம் விறைப்பானது. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து 'யூ ஆர் இம்பாவரிஷ்ட்' என்றால் ஆளையே மாதிரித் தரவாக்கியதுபோல் இருக்கும். பேச்சில் 'தே லாஸ்ட் எவ்ரிதிங்' என்பதே போதும்.

## ரூயின்

இடிந்து விழுவது என்பதே இதன் லத்தீன் மூலம், ஆகவே ஒரே அடியில் சரிவதற்கு ஏற்றது. தீ விபத்து, பங்குச் சரிவு, மோசடி. ஆனால் பணத்தைத் தவிர மற்றதெல்லாம் இதில் கெடும்: சட்டை, சமையல், திருமணம், பெயர். எனவே 'ஃபைனான்ஷியலி' என்ற துணையோடு எழுதுவது நல்லது. பழைய ஆங்கிலக் கதைகளில் ஒரு பெண் 'ரூயின்ட்' என்றால் பெரும்பாலும் பணம் போனதாகப் பொருளில்லை, மானம் போனதாக ஊர் பேசியது. மொழிபெயர்ப்பவர்கள் அங்கே 'நொடித்துப்போனாள்' என்று எழுதிவிடக் கூடாது. 'ரூயினஸ் இன்ட்ரஸ்ட்' என்ற தொடரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கந்துவட்டியைச் சொல்ல அருமையானது.

## பாப்பர், பாப்பரைஸ், இண்டிஜென்ட்

பாப்பர் என்பதை ஆங்கிலம் இன்று தினசரிப் பேச்சில் அதிகம் தொடுவதில்லை. இங்கிலாந்தின் 1601, 1834 ஆண்டுகளின் ஏழைகள் சட்டங்களின் காலத்தில், பொது நிதியிலிருந்து உதவி பெறுகிறவர் பாப்பர். வெறும் ஏழை பாப்பர் இல்லை, கையேந்திப் பதிவேட்டில் ஏறியவரே பாப்பர். அதனால் பாப்பரைஸ் என்ற வினைக்கும் இரட்டை நிழல் உண்டு: ஏழையாக்குவது, உதவியை நம்பியே வாழப் பழக்குவது. 19-ஆம் நூற்றாண்டில் 'உதவி கொடுத்தால் பாப்பரைஸ் ஆகிவிடுவார்கள்' என்று வாதிட்டவர்கள் இரண்டாவது பொருளைத்தான் சொன்னார்கள். இன்றைய நலத்திட்டம் ஒன்றைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டால், உங்களுக்குத் தெரியாமலே அந்தப் பழைய வாதத்தின் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

நீதிமன்றங்களில் பாப்பர் இருந்த நாற்காலியில் இப்போது இண்டிஜென்ட் உட்கார்ந்திருக்கிறது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆவது ஆணையில் 1976 திருத்தம் 'பாப்பர்' என்பதை 'இண்டிஜென்ட் பெர்சன்' என்று மாற்றியது. நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாதவர் வழக்குத் தொடுப்பதற்கான ஏற்பாடு அது. மனு எழுதுகிறவர் புதுச் சொல்லைத்தான் எழுத வேண்டும். எழுதும்போது 'இண்டிஜினஸ்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பூர்வகுடியைக் குறிக்கும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்காது.

## டெஸ்டிட்யூட்

கைவிடப்பட்ட என்ற லத்தீன் மூலத்தின் வாசனை இன்னும் போகாத சொல். இங்கே பணமில்லை என்பதோடு, பார்த்துக்கொள்ள ஆளுமில்லை என்பதும் சேர்ந்து கேட்கும். பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டுக் குடியேற்ற, புகலிடச் சட்டம் 95-ஆவது பிரிவில் இதற்கு வரையறையே கொடுத்திருக்கிறது: போதிய தங்குமிடம் இல்லாமல் இருப்பது, அல்லது தங்குமிடம் இருந்தும் மற்ற அத்தியாவசியத் தேவைகளை நிறைவேற்ற முடியாமல் இருப்பது.

உதவி விண்ணப்பங்களில் அழுத்தம் கூடட்டும் என்று இதை எடுத்துப் போடுவார்கள். அழுத்தம் கூடும், சரிபார்ப்பும் கூடும். வாடகை வீட்டில், குறைந்த சம்பளத்தில் இருக்கும் குடும்பத்தை டெஸ்டிட்யூட் என்று எழுதிவிட்டு, அதே விண்ணப்பத்தில் சம்பளச் சான்றிதழை இணைத்தால் படிக்கிறவருக்கு மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வரும். அங்கே 'லோ-இன்கம்' என்று எழுதி, ஆண்டு வருமானத்தையும் எத்தனை பேர் அதில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் எண்ணில் போடுவது எந்தப் பெயரடையையும்விட வலுவானது. வருவாய் ஈட்டியவர் இறந்துபோய், வீடும் போய்விட்டதென்றால் 'லெஃப்ட் டெஸ்டிட்யூட்' தயக்கமில்லாமல் எழுதலாம்.

## ப்ரோக், பஸ்ட், ஸ்கின்ட்

மூன்றும் பேச்சுக்கு மட்டும். ப்ரோக் என்றால் இப்போதைக்குக் கையில் இல்லை, சம்பளம் வந்தால் சரியாகிவிடும். பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் ப்ரோக் ஆகலாம். ஸ்கின்ட் அதே பொருளில் பிரிட்டன் பேச்சு, அமெரிக்கர் பலருக்குப் பழக்கமில்லை. 'கோ பஸ்ட்' நிறுவனங்களுக்கு, செய்தித் தலைப்புகளில் இடம் மிச்சப்படுத்தவும் பயன்படும்.

'கோ' சேரும்போது ப்ரோக் கனமாகிவிடும். 'ஐ ஆம் ப்ரோக்' என்றால் டீ வாங்கிக் கொடு என்று அர்த்தம், 'ஹி வென்ட் ப்ரோக்' என்றால் தொழில் போண்டியாகிவிட்டது என்று அர்த்தம். 'ஐ ஆம் ப்ரோக்கன்' என்று எழுதினால் மனம் உடைந்ததாகி, ஆறுதல் செய்திகள் வந்து குவியும்.

## வாழ்ந்து கெட்டவர்களுக்கு

இருந்து இழந்தவர்களைச் சொல்ல ஆங்கிலத்தில் தனி மரியாதை வரிசையே உண்டு. 'ரெட்யூஸ்டு சர்க்கம்ஸ்டன்சஸ்', 'ஸ்ட்ரெய்ட்டன்ட் சர்க்கம்ஸ்டன்சஸ்', 'ஃபாலன் ஆன் ஹார்ட் டைம்ஸ்', 'கம் டவுன் இன் த வேர்ல்ட்'. சம்பந்தப்பட்டவரே படிக்கப்போகும் கடிதம், இரங்கல் குறிப்பு, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்கு மூன்றாவது மிகப் பாதுகாப்பானது, கெட்ட காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆளைக் காப்பாற்றும். இரண்டாவதை எழுதும்போது 'நேரான' என்ற பொருள் தரும் 'ஸ்ட்ரெய்ட்' சொல்லின் 'ஜி', 'ஹெச்' எழுத்துகளை உள்ளே விட்டுவிடாதீர்கள். இது நெருக்கடியைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வருவது.

இந்த வரிசையோடு 'பெனியூரியஸ்' என்பதையும் சேர்க்கப் பார்ப்பார்கள். வேண்டாம். அதற்கு வறியவர் என்ற பொருளோடு கஞ்சர் என்ற பொருளும் உண்டு, பாராட்டப் போய் வசையாக முடியும்.

## பெகர், இம்மிசரேஷன்

பெகர் வினையாக இன்று ஏறக்குறைய இரண்டு இடங்களில்தான் வாழ்கிறது. 'பெகர்ஸ் பிலீஃப்' என்றால் நம்பவே முடியவில்லை. 'பெகர்-தை-நெய்பர்' என்றால் நாணய மதிப்பைக் குறைத்தும் சுங்கவரியை ஏற்றியும் தன் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பக்கத்து நாட்டின் தலையில் கட்டுவது, 1930-களின் வர்த்தகச் சண்டைகளோடு ஒட்டிக்கொண்ட தொடர். பொருளாதாரக் கட்டுரை எழுதுகிறவருக்கு மட்டும் தேவை.

இம்மிசரேஷனும் அப்படித்தான், மார்க்ஸியச் சொல்லாடலில் தொழிலாளர் நிலை மேலும் மேலும் கெடுவதைக் குறிக்கும். 1958-இல் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி இதே வேரிலிருந்து 'இம்மிசரைஸிங் குரோத்' என்ற கருத்தை முன்வைத்தார்: ஏற்றுமதிப் பொருளின் உற்பத்தி பெருகி, அதனாலேயே உலகச் சந்தையில் விலை விழுந்து, அப்படி வளர்ச்சி கண்ட நாடே முன்பைவிட மோசமாவது. அந்தக் குறிப்பிட்ட விளைவைச் சொல்லாத இடத்தில் இதைப் போடுவது வெறும் பந்தா.

## மனிதர் இல்லாத இடங்கள்

மண், மொழி, காடு ஆகியவற்றுக்கும் இந்தச் சொற்கள் தேவைப்படும். 'இம்பாவரிஷ்ட் சாயில்' என்றால் சத்தில்லாத மண். 'டிப்லீட்டட் சாயில்' என்றால் இருந்த சத்தை உறிஞ்சித் தீர்த்த மண். இயற்கையிலேயே சாரமற்ற மணற்பாங்கான நிலத்துக்கு இரண்டாவது பொருந்தாது, தொடர்ந்து ஒரே பயிர் போட்டுக் களைத்த வயலுக்கு இரண்டாவதே கூர்மை. மொழிக்கும் பண்பாட்டுக்கும் இம்பாவரிஷ் மட்டுமே, அங்கே பாங்க்ரப்ட் என்றால் முழுதாகச் செத்துப்போனதாகச் சண்டைக்கு இழுப்பது போலாகும்.

உயிரியலில் 'டிபாப்பரேட்' என்று ஒன்று வரும். முன்னால் 'டி' இருப்பதால் வறுமை நீங்கிய என்று பொருள் கொள்ளத் தோன்றும், ஆனால் இங்கே அந்த முன்னொட்டு அழுத்தம் கூட்டுவதற்காக வந்தது. 'டிபாப்பரேட் ஃபுளோரா' என்றால் பெருநிலத்தோடு ஒப்பிடக் குறைவான தாவர இனங்களே உள்ள தீவு போன்ற இடம். இனங்களின் எண்ணிக்கை குறைவு என்று சொல்கிறதே தவிர, செடிகள் நோஞ்சானாக இருக்கின்றன என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. ஒரு தனிச் செடியைப் பற்றி 'டிபாப்பரேட்' என்று எழுதியிருந்தால் மட்டுமே சரியாக வளராமல் குன்றிப்போனது என்று மொழிபெயர்க்கலாம்.